அரசாங்க இணையத்தளத் தரநிலைகள்: தமிழ்ப் பக்கத்தைத் தனியாகச் சோதியுங்கள்

நீங்கள் கேட்டது இது: உங்கள் சிறு நிறுவனத்துக்கு முதல்முறையாக ஓர் அரசாங்க அமைப்பின் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தோடு சீனம், மலாய், தமிழ்ப் பக்கங்களும் உண்டு. வடிவமைப்புக்கும், குறைபாடு உள்ளவரும் பயன்படுத்த முடிவது என்ற அணுகல்தன்மைக்கும் எந்தத் தரநிலைகளைப் பார்க்க வேண்டும், தமிழ்ப் பக்கத்துக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், தமிழ்ப் பக்கத்துக்குத் தனியாகச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆங்கிலப் பக்கம் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது, தமிழும் அதே வார்ப்புருவில்தான் ஓடுகிறது, ஆகவே தமிழும் தேறிவிட்டது என்று முடிவுகட்டும் திட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த முடிவு தவறு. இந்தப் பதிலில் பாதிக்குமேல் அதைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு முன்னால் அடிப்படை விதிகளைப் பார்த்துவிடுவோம்.

நம் சிங்கப்பூரில் அரசாங்கத் தளங்களுக்கான விதிகளை வகுப்பது அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு, அதாவது 2016இல் அமைக்கப்பட்ட கவ்டெக். அதன் மின்னிலக்கச் சேவைத் தரநிலைகள்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டிய ஆவணம். சாரமாகச் சொன்னால் அது மூன்றைக் கேட்கிறது. வருகிறவர் எந்தக் காரியத்துக்காக வந்தாரோ அது குழப்பமில்லாமல் முடிய வேண்டும். எந்தக் குறைபாடு உள்ளவரும் எந்த வயதினரும் பயன்படுத்த முடிய வேண்டும். அமைப்புக்கு அமைப்பு தோற்றமும் நடைமுறையும் மாறிக்கொண்டே இருக்கக்கூடாது. அடுத்தது சிங்கப்பூர் அரசாங்க வடிவமைப்புத் தொகுதி. பொத்தான், படிவக் கட்டம், எச்சரிக்கைப் பெட்டி, தலைப்புப் பட்டை எல்லாம் அதில் ஆயத்தமாகவே கிடைக்கும். புதிதாக ஒரு பொத்தானை வரைய ஆசைப்படாதீர்கள். தொகுதியில் இருக்கும் பொத்தானுக்குக் கீபோர்டு வழியும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வழியும் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அழகான பொத்தானுக்கு அதையெல்லாம் நீங்களே முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

தளத்தின் உச்சியில் வரும் மெல்லிய அடையாளப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இது சிங்கப்பூர் அரசாங்க அமைப்பின் தளம் என்று அது சொல்லும். அதைத் தட்டினால், முகவரி ‘டாட் கவ் டாட் எஸ்ஜி’ என்று முடிகிறதா, பூட்டுக்குறி இருக்கிறதா என்று சரிபார்க்கும் விதத்தை விளக்கும். மோசடிக்காரர்கள் அரசாங்கத் தளத்தைப் போலவே பக்கம் கட்டும் காலம் இது. 2024 ஜூலை 1 முதல் அரசாங்கக் குறுந்தகவல்கள் பெரும்பாலும் ஒரே அனுப்புநர் பெயரில் வருவதும் இதே காரணத்தால்தான். ஆகவே அந்தப் பட்டையை வெறும் ஒப்புக்கு வைக்கும் சின்னமாக நினைத்துவிடாதீர்கள். கண் பார்வை இல்லாத ஒருவரும் அதைத் திறந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தளம் உண்மையானதா என்று உறுதிசெய்துகொள்ளும் தேவை அவருக்கும் இருக்கிறது, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

மூன்றாவது, உலகம் முழுவதும் அணுகல்தன்மைக்கு அளவுகோலாக இருக்கும் டபிள்யூ.சி.ஏ.ஜி., அதாவது இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி. இதை எழுதுவது டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு. முதல் பதிப்பு 1999இல் வந்தது, 2.0 பதிப்பு 2008இல், 2.1 பதிப்பு 2018இல், 2.2 பதிப்பு 2023இல். ‘ஏ’, ‘டபுள் ஏ’, ‘டிரிப்பிள் ஏ’ என்று மூன்று நிலைகள். பொதுவாக எல்லாரும் குறிவைப்பது ‘டபுள் ஏ’. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தப் பதிப்பு, எந்த நிலை என்று எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும், ஆனால் 2.1 என்று எழுதியிருந்தாலும் 2.2ஐயே பின்பற்றுங்கள் என்பது என் யோசனை. கூடுதல் வேலை அதிகமில்லை, கிடைக்கும் பலனோ பெரிது. எடுத்துக்காட்டாக, தட்டும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்ற விதி 2.2இல்தான் வந்தது. கை நடுங்கும் ஒரு பாட்டிக்கு வேண்டியது அந்த விதிதான். உள்நுழையும் இடத்தில் கடவுச்சொல்லை நினைவில் வைத்துத்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே, ஒட்டுவதைத் தடுக்காதே என்பதும் 2.2இல் வந்ததே.

வழக்கமான தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைப் பற்றி எல்லா இடத்திலும் படிக்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக்குறியீடு உள்ள சாம்பல் நிறம் தேறிவிடும். வடிவமைப்பாளர்கள் விரும்பும் 999999 சாம்பலில் அந்த விகிதம் 2.85தான், தேறாது. உலகின் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் வெப்எய்ம் அமைப்பு, 2024இல் அவற்றில் 81 விழுக்காட்டில் இந்த ஒரு குறையைக் கண்டது. மற்றபடி சுட்டியைத் தொடாமல் டேப் விசையை மட்டும் வைத்து முழுப் படிவத்தையும் முடிக்க முடிய வேண்டும், இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் சொல்ல வேண்டும், காணொளிக்கு வசனவரி வேண்டும். அப்புறம் நேரக்கெடு. அமர்வு, அதாவது தளம் ஒருவருக்காகக் காத்திருக்கும் நேரம், முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடியாவது கொடுக்க வேண்டும். சமூக மன்றத்தில் மூத்தோருக்குப் படிவம் நிரப்ப உதவியிருந்தால் இந்த விதியின் அருமை உங்களுக்கே தெரியும். அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மாட்டி, எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

சரி, இப்போது தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர்தான். இந்த எண்ணைக் காட்டி, தமிழ்ப் பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறப்பவர் யார் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வரும் இளையர்கள் அங்கே வருவது குறைவு. வருபவர்களில் ஆங்கிலம் படிக்காத மூத்தோர் உண்டு. கணக்கெடுப்பின் அந்த விழுக்காட்டில் வராத, விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களும் உண்டு. முன்னவருக்குப் பார்வை மங்கலாக இருக்கலாம், விரல் நடுங்கலாம். பின்னவர் விலை குறைந்த கைப்பேசியில், வேலை முடிந்து களைப்போடு படிக்கிறார். அணுகல்தன்மை விதிகள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டனவோ அவர்கள்தான் தமிழ்ப் பக்கத்தின் வாசகர்களில் பெரும்பங்கு. நான்கு மொழியில் ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய நேரம் இருந்தால், ஆங்கிலத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றில் ஒன்றை எடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

முதல் சிக்கல் மொழிக்குறி. ஒவ்வொரு இணையப் பக்கத்தின் நிரலிலும் இது எந்த மொழிப் பக்கம் என்று சொல்லும் சிறு குறி உண்டு. பல திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும். ஆங்கில வார்ப்புருவை அப்படியே நகலெடுத்துத் தமிழ் எழுத்துகளைக் கொட்டும்போது, ஆங்கிலம் என்ற குறி மாறாமலே இருந்துவிடும். விளைவு, ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தை எதிர்கொள்ளும். சில கருவிகளில் அது எழுத்துகளைத் தாவிவிட்டு எண்களை மட்டும் சொல்லும். சிலவற்றில் ஒன்றுமே கேட்காது. கண்ணால் பார்க்கிறவருக்குப் பக்கம் கச்சிதமாக இருக்கும். இதில் நீங்கள் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு: தானியங்கிச் சோதனைக் கருவிகள் மொழிக்குறி இருக்கிறதா, அது செல்லுபடியாகும் குறிதானா என்றுதான் பார்க்கும். ஆங்கிலக் குறி போட்ட தமிழ்ப் பக்கம் அந்தச் சோதனையில் தேறிவிடும். அறிக்கையில் பச்சை, கேட்கிறவர் காதில் மௌனம். இப்போது ஆன்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ்க் குரல் உண்டு; கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானிலும் தமிழ் உண்டு. ஆகவே காரணம் சொல்ல இடமில்லை. உங்கள் கைப்பேசியில் குரலை இயக்கிவிட்டு, திரையைப் பார்க்காமல் தமிழ்ப் பக்கத்தை ஒரு தடவை கேளுங்கள்.

இதோடு சேர்ந்தது பக்கத்துக்குள் வரும் வேற்றுமொழித் துண்டுகள். ஆங்கிலப் பக்கத்தில் ‘தமிழ்’ என்று எழுதிய இணைப்புக்கு மட்டும் தமிழ்க் குறி போட வேண்டும். இது ‘டபுள் ஏ’ நிலை விதி. அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கைப்பேசியில் பல தளங்கள் மொழித் தேர்வை மூன்று கோட்டுப் பட்டியலுக்குள் ஒளித்துவிடுகின்றன. ஆங்கிலம் தெரியாத ஒருவர் ஆங்கிலப் பட்டியலைத் திறந்து, ஆங்கில உறுப்புகளைத் தாண்டி, கடைசியில் இருக்கும் தமிழைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அது யாருக்காக வைத்தது? மொழித் தேர்வு அடையாளப் பட்டைக்குக் கீழேயே, திறக்காமலே தெரியும்படி இருக்கட்டும். உள்பக்கம் ஒன்றில் மொழியை மாற்றினால் அதே உள்பக்கத்தின் தமிழ் வடிவம் வர வேண்டும், முகப்புக்குத் துரத்தக்கூடாது.

இரண்டாவது, எழுத்தின் உடல். தமிழ் எழுத்துக்கு மேலே கொம்பும் சுழியும் உண்டு, கீழே இறங்கும் வளைவும் உண்டு. ஆங்கிலத் தலைப்புகளுக்கு ஏற்ப வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.1, 1.2 மடங்கு என்று நெருக்கி வைத்திருப்பார்கள். இரண்டு வரித் தமிழ்த் தலைப்பில் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’யோடு முட்டும். பார்வை மங்கியவருக்கு அங்கே எழுத்துக்குப் பதில் கரிய திட்டு ஒன்றுதான் தெரியும். தமிழுக்குத் தனி நடைவிதி எழுதி, உரைக்கு 1.6, தலைப்புக்கு 1.4 அளவில் வையுங்கள். எழுத்தளவை ஆங்கிலத்தைவிட ஓரிரு பிக்சல் கூட்டுங்கள். இந்த எண்கள் விதிப்புத்தகத்தில் உள்ளவை அல்ல, நான் வேலைசெய்து கண்ட அளவுகள். பல ஆங்கில எழுத்துருக்களில் தமிழ் எழுத்தே இருக்காது, அப்போது கருவி தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா, ஆன்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ்ச் சங்கம் என்று இடத்துக்கு இடம் மாறும். ஒன்றில் பொருந்தியது இன்னொன்றில் வழிந்து போகும். நோட்டோ சான்ஸ் தமிழை நீங்களே தளத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

அகலமும் ஒரு பிரச்சினை. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் ‘விண்ணப்பிக்கவும்’ என்று நீளும். பொத்தானின் அகலத்தை இறுக்கிக் கட்டியிருந்தால் ‘விண்ணப்பி…’ என்று புள்ளி வைத்து முடியும், அல்லது கடைசி எழுத்து ஓரத்தில் நறுக்கப்படும். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எதுவும் இழக்கக்கூடாது என்பது விதி. ஆங்கிலத்தில் 200இல் நிற்கும் பக்கம் தமிழில் 130இலேயே உடைவதைப் பார்த்திருக்கிறேன். 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்ற விதிக்கும் இதே கதி. வடிவமைப்பைத் தமிழில் தொடங்கிப் பாருங்கள். தமிழுக்கு இடம் கொடுத்த பெட்டி மற்ற மொழிகளுக்கும் பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் எழுத்துகள். மொழிபெயர்ப்பாளருக்குப் போகும் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் வாசகங்கள்தான் இருக்கும். படத்தில் இருப்பதைச் சொல்லால் விவரிக்கும் மாற்றுரை, பக்கத் தலைப்பு, படக்குறிப் பொத்தானுக்குத் திரைவாசிப்பான் படிக்கும் பெயர், படிவம் தவறினால் சேவையகத்திலிருந்து வரும் பிழைச்செய்தி, இவையெல்லாம் நிரலாளரிடமே தங்கிவிடும். அதனால் முழுத் தமிழ்ப் பக்கத்தில் ஒருவர் எண்ணைத் தவறாகத் தட்டினால் சிவப்பு எழுத்தில் ஆங்கில வாக்கியம் வரும். அவருக்கு உதவி மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் தளம் அவருக்குத் தெரியாத மொழிக்கு மாறிக்கொள்கிறது. இதற்கு மருந்து எளிது. மறைந்த வாசகங்கள் அனைத்தையும் முதல் நாளிலேயே தனி அட்டவணையாக எடுத்து, எந்தச் சூழலில் எது வரும் என்று பக்கத்தில் குறித்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். 2022இல் தொடங்கிய எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் போன்ற இயந்திர மொழிபெயர்ப்பு வசதிகள் முதல் வரைவுக்கு உதவும். ஆனால் சூழலில்லாத ஒற்றைச் சொற்களில்தான் இயந்திரம் அதிகம் தடுமாறும், மறைந்த வாசகங்களோ பெரும்பாலும் ஒற்றைச் சொற்கள். ஆள் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

நான்காவது சிக்கல்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: தமிழைப் படமாகப் போடுவது. எழுத்து உடைந்துவிடுமோ என்ற பயத்தில் தமிழ் அறிவிப்பை மட்டும் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ ஏற்றிவிடுகிறார்கள். படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது, பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது. பிடிஎஃப் அதைவிடத் தேவலை என்று நினைப்போம். ஆனால் தமிழில் ‘ெ’, ‘ே’, ‘ை’ போன்ற குறிகள் மெய்க்கு முன்னால் எழுதப்பட்டாலும், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. கோப்பைச் சரியாக உருவாக்காவிட்டால் பிடிஎஃப்பிலிருந்து வரும் எழுத்து இடம் மாறி, ‘கொடு’ என்ற சொல்கூடக் குரலில் சிதறிப்போகும். ஆகவே தமிழ்த் தகவல் பக்கத்திலேயே எழுத்தாக இருக்கட்டும். பிடிஎஃப் வேண்டுமென்றால் கூடுதலாக வையுங்கள். உருவாக்கிய பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டியது படிக்கும்படி இல்லை என்றால் திரைவாசிப்பானுக்கும் புரியாது.

தமிழ் எழுத்து உடைந்துவிடும் என்ற இந்தப் பயம் நம் ஊருக்குப் பொருந்தாத ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் திறந்துவைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழ் இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் என்ற தமிழ் மென்பொருள் அதன் பின்னால் இருந்தது. 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடும் இங்கேதான் நடந்தது. எழுத்துருக் குறியீடே ஒன்றுபடாத காலத்தில் செய்துகாட்டியதை, எல்லாக் கைப்பேசியிலும் யூனிகோடு இருக்கும் இன்று செய்ய முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்றும் நீங்கள் கேட்கலாம். முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்தத் தளத்துக்கு மக்கள் அதிகமாக வரும் ஒரே ஒரு காரியத்தை எடுங்கள்: ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, ஒரு நாளைப் பதிவு செய்வது, ஏதோ ஒன்று. அதைத் தமிழில் முதல் தட்டிலிருந்து கடைசி உறுதிச்செய்திவரை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் எங்காவது தமிழ் முடிந்து ஆங்கிலப் படிவம் தொடங்கும். படிவத்தை மொழிபெயர்க்க முடியாத சூழல் இருந்தால், அடுத்த பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், இன்னின்ன விவரங்கள் கேட்கப்படும், பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று தமிழிலேயே முன்னதாகச் சொல்லிவிடுங்கள். உதவிக்கு எந்த எண்ணை அழைக்கலாம், எந்த நிலையத்துக்கு நேரில் போகலாம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

சோதனைக்குக் கவ்டெக்கின் ஊபி என்ற இலவசக் கருவி இருக்கிறது. முன்பு பர்ப்பிள் என்ற பெயரில் இருந்ததுதான் அது. தளம் முழுவதையும் சுற்றிவந்து குறைகளைப் பட்டியலிட்டுத் தரும். வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். ஆனால் மொழிக்குறி விஷயத்தில் பார்த்தது போல, கருவிகள் ஒரு பகுதிக் குறைகளைத்தான் பிடிக்கும். மாற்றுரை இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியும், அது பொருத்தமானதா என்று தெரியாது. ஆகவே ஆட்களோடு சோதிக்கப் பணமும் நாளும் ஒதுக்குங்கள். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு, பார்வையற்றோர் சங்கம், காது கேளாதோர் சங்கம் ஆகியவற்றை அணுகினால் வழிகாட்டுவார்கள். தமிழ் மட்டும் படிக்கும் மூத்தோர் இரண்டு மூன்று பேர், வெளிநாட்டு ஊழியர் ஒருவர், தமிழ்க் குரலில் கேட்டுப் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவர், இவ்வளவு பேர் இருந்தாலே பெரிய குறைகள் வெளியே வந்துவிடும். அவர்கள் பயன்படுத்தும்போது நீங்கள் பேசாதீர்கள், கையை நீட்டி உதவாதீர்கள். எங்கே தயங்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நேரத்துக்கு உரிய சன்மானம் கொடுங்கள்.

வெளிநாடுகளில் இதற்குச் சட்டம் உண்டு: அமெரிக்காவில் 508ஆம் பிரிவு என்று 1998இலிருந்தும், பிரிட்டனில் பொதுத்துறைத் தளங்களுக்கு 2018இலிருந்தும். இங்கே அது அரசாங்க அமைப்புகளுக்கான தரநிலையாகவும் ஒப்பந்த நிபந்தனையாகவும் வருகிறது. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனால் அன்றாட வேலையில் உங்களைக் காப்பது உங்கள் ஒப்பந்தத்தின் வரிகள்தான். ஆகவே அமைப்பின் அதிகாரிகளோடு உட்காரும்போது இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: ஏற்புச் சோதனை நான்கு மொழிக்கும் தனித்தனியாக நடக்கும், தமிழ்ச் சோதனையில் தேறாத பக்கம் வெளியிடப்படாது. அதற்கான நாள்களையும் அட்டவணையில் முன்கூட்டியே போடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. தளம் திறந்த பிறகு ஆங்கிலப் பக்கத்தில் தொகையும் கடைசி நாளும் மாறும், தமிழ்ப் பக்கம் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு மூத்தவர் பழைய நாளை நம்பிக் காத்திருந்து உதவியைத் தவறவிட்டால், அந்தப் பக்கம் இல்லாமலே இருந்திருக்கலாம். பக்க மேலாண்மை அமைப்பிலேயே ஒரு கட்டு போடுங்கள்: ஆங்கிலத்தில் எண்ணோ தேதியோ மாறினால் மற்ற மூன்று மொழிப் பக்கங்களுக்கும் பொறுப்பானவருக்கு அறிவிப்பு போக வேண்டும், அவர் சரிசெய்யும்வரை அந்தப் பக்கங்களின் மேலே “இந்தத் தகவல் புதுப்பிக்கப்படுகிறது, இந்த எண்ணில் கேளுங்கள்” என்ற வரி தானாக வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய தேதி அந்தந்த மொழிக்கு உரியதாக இருக்கட்டும், ஆங்கிலப் பக்கத்தின் தேதியைத் தமிழில் காட்டாதீர்கள்.